படியேறிய நடத்துநர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த காலம். பிரிட்டனில் நடுத்தர வயது ஆடவரிடையே மாரடைப்பு பெருகி வந்தது. காரணத்தை ஆராய முற்பட்ட ஜெர்மி மோரிஸ் என்னும் மருத்துவரின் பார்வை, இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகள் மீது விழுந்தது. ஒரே வண்டியில் இருவர் பணிபுரிகின்றனர். ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் அமர்ந்தே இருக்கிறார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார். வாழ்க்கை நிலையில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சுமார் 31,000 பணியாளர்களின் விவரங்களைத் தொகுத்து, 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மோரிஸ் குழுவினர் தம் முடிவை வெளியிட்டனர். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. வந்தபோதும் அதன் கடுமை தணிந்திருந்தது. நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுத்த தபால்காரர்களை, அமர்ந்தே பணிபுரிந்த அஞ்சலக எழுத்தர்களோடு ஒப்பிட்டபோதும் இதே நிலைதான்.

ஓட்டுநர்களின் உடற்பருமனே காரணமாக இருக்கலாமே? கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் எழும் ஐயம் இது. மோரிஸ் இதற்கு விடை தேடிய இடம் விந்தையானது: பணியாளர்களின் சீருடை அளவுகள். ஓட்டுநர்களின் இடுப்பளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆயினும் மெலிந்தவரை மெலிந்தவரோடும் பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டபோதும், நடத்துநரிடையே திடீர் மரணம் ஏறக்குறையப் பாதியாகவே இருந்தது.

‘மூன்று மாதம் நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை’ என்று நடையை விட்டுவிடும் பெரியோர் உளர். எடைக்கருவி காட்டாத நன்மையும் நடைக்கு உண்டு என்பதையே அந்தச் சீருடைகள் சொல்கின்றன. இதனால் பருமன் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. அது முழங்காலை வருத்தும். வயிற்றில் சேரும் கொழுப்பு நீரிழிவுக்கு வழிவகுக்கும். இந்தியர்களுள் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே இடுப்பளவின் எல்லையாக மருத்துவர்களால் கொள்ளப்படுகிறது.

ஆனால் முதுமையில் உணவை மட்டும் குறைத்து இளைப்பதில் ஓர் அபாயம் உண்டு. வயதால் ஏற்கெனவே தேய்ந்துவரும் தசை, கொழுப்போடு சேர்ந்து மேலும் கரைகிறது, கால் தளர்கிறது, விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. எனவேதான் 65 வயதைக் கடந்தோர்க்கு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு, வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 150 நிமிடத்தை ஒரேயடியாக முடிக்க வேண்டியதில்லை. சந்நிதி வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்வோர், தேரடியில் இறங்கிக்கொண்டாலே அதில் ஒரு பகுதி சேர்ந்துவிடும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் தொடங்குவதே தகும்.