சுருட்டின் முதிர்வு: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ் பிற மொழிகளுக்கு வழங்கிய சொற்களுள் 'சுருட்டு' என்பதும் ஒன்றாகும். போர்த்துக்கேயரின் 'சருட்டோ', ஆங்கிலேயரின் 'செரூட்' ஆகியவை இச்சொல்லின் வழிவந்தவை. சிங்களத்திலும் இது ஏறத்தாழ அதே வடிவில் வழங்குகின்றது. புகையிலைச் செடி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. ஐரோப்பியரின் கப்பல்கள் வழியே ஆசியாவை அடைந்தது. ஆயின் இலையைச் சுருட்டிப் புகைக்கும் பண்டத்துக்கு உலகின் ஒரு பகுதி வழங்கும் பெயர் தமிழிலிருந்து சென்றது. பண்டம் ஒரு திசையிலிருந்து வர, பெயர் மறுதிசையில் சென்ற இந்நிகழ்வு, இப்பொருளைச் சமூக வரலாற்று நோக்கில் அணுகுவதற்கு நல்லதொரு தொடக்கமாகும்.

இன்று உலகச் சந்தையில் 'முதிர்ந்த' உயர்தரச் சுருட்டு ஒரு சேகரிப்புப் பொருளாகியுள்ளது. செல்வர் அதனைப் பெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் பேணுகின்றனர். ஏலங்களில் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். நறுமணத்தை நுணுகி ஆராய்ந்து பேசுகின்றனர். இலங்கைத் தமிழரிடையே சுருட்டுச் செய்யும் மரபு செழித்திருந்தும், இவ்வாறு சேமித்து வைக்கும் மரபு உருவாகவில்லை. இதற்கான காரணங்களை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் தட்பவெப்பத்தையும் சமூக வழக்குகளையும் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதிர்வு என்பது காலம் தானாக அளிக்கும் கொடையன்று. அது பெரும்பாலும் உழைப்பின் விளைவு என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

1. முதிர்வு என்பது யாது?

பறித்த புகையிலையை உடனே சுருட்ட இயலாது. வாட்டுதல், உலர்த்தல், நொதிக்கவைத்தல் ஆகிய படிகளை அது கடக்கவேண்டும். கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் இலை நிழற்கொட்டகைகளிற் காற்றில் உலர்த்தப்பட்டு, பின்னர்ப் பெருங்குவியல்களாக அடுக்கப்படுகின்றது. குவியலின் உட்புறம் தானே சூடேறும்; அமோனியா வெளியேறும்; நிக்கொட்டின் ஓரளவு குறையும்; காரம் தணிந்து மணம் திரளும். வெப்பம் மிகுந்தால் இலை கெடும். குறைந்தால் நொதித்தல் நின்றுவிடும். ஆகவே குவியலைப் பிரித்து மாற்றியடுக்கும் வேளையை அறிந்தவர் அருகில் இருக்கவேண்டும்.

இதே தொழிலை யாழ்ப்பாணக் குடாநாடு தன் வழியிற் செய்தது. அங்கே இலை புகைக்குடிலில் தொங்கவிடப்பட்டு, பொச்சு, ஊமல் முதலியவற்றின் புகையில் வாட்டப்படும். பின்னர்ப் பாடம் போடப்படும். சுருட்டுக்குரிய இலைக்குக் 'கோடா' எனும் ஊறல் நீரும் சேர்க்கப்படும். புகையிலுள்ள பீனோல் வகைச் சேர்மங்கள் இலையிற் படிந்து பூஞ்சணத்தைத் தடுக்கும் இயல்புடையன. கியூபா காலத்தைக் கொண்டு பெற்ற பாதுகாப்பின் ஒரு பகுதியைக் குடாநாடு புகையைக் கொண்டு பெற்றது எனலாம். தொழிலாளர் இதனை இரசாயனமாக அறிந்திலர். 'பதம்' என்ற ஒரு சொல்லில் அடக்கி அறிந்திருந்தனர். இலையை விரலிடையே வைத்துப் பார்த்தே, அது முறியுமா, மடங்குமா, ஈரம் மிஞ்சியதா என்று அவர்கள் தீர்மானிப்பர்.

2. வாவிக்கரையின் காற்று

வாவிப் பிரதேசத்தின் பெரும்பயிர்கள் நெல்லும் தென்னையுமாகும். சுருட்டைப் பொறுத்தவரை இப்பிரதேசம் முதன்மையாக ஒரு நுகர்வுக் களமாகவே இருந்தது. இங்கு எழுந்த வினா, சுருட்டைச் செய்வது எப்படி என்பதன்று. பேணுவது எப்படி என்பதாகும்.

சேகரிப்போர் கைக்கொள்ளும் அளவுகள் தெளிவானவை: சாரீரப்பதன் 65 முதல் 70 வீதம்; வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 21 பாகை செல்சியசு. ஈரம் இதனை விஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். மிகக் குறைந்தால் மேலிலை வெடித்து, மணந்தரும் எண்ணெய்கள் அகன்றுவிடும். வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் இலையுள் இருக்கும் வண்டின் முட்டைகள் விரைந்து பொரித்து, சுருட்டுகள் ஊசித்துளைகளால் நிறையும். இதனைத் தவிர்க்கவே சுருட்டுகளைச் சில நாட்கள் கடுங்குளிரில் உறையவைத்துப் பின்னர்ப் படிப்படியாக இயல்பு நிலைக்குக் கொணரும் முறை கையாளப்படுகின்றது. சேமிப்புப் பெட்டிகளின் உட்புறத்துக்கு விரும்பப்படும் 'ஸ்பானிய தேவதாரு' உண்மையில் தேவதாரு அன்று. நமது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரமாகும். அதன் மணம் பூச்சிகளை ஓரளவு விலக்குவதோடு, அம்மரம் ஈரத்தை ஏற்றும் இழந்தும் பெட்டியின் பதனைச் சமன்செய்கின்றது.

இவ்வளவுகளை வாவிக்கரையோடு ஒப்பிடுக. வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியும் 25 பாகைக்கு மேலேயே நிற்கின்றது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றுடன் பெருமழை. ஓலைப்பெட்டியும் பாயுங்கூடப் பூஞ்சணம் பூக்கும் காலம் அது. பின்னர் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் வெப்பம் எழுவான்கரையையும் படுவான்கரையையும் ஒருங்கே உலர்த்திவிடும். ஓராண்டுக்குள் இருமுறை இவ்வெதிர்நிலைகளைக் கடக்கும் இலை, குளிரூட்டும் பொறியின்றிப் பல்லாண்டு பிழைத்திருப்பது அரிது. ஆகவே இங்குப் பேணல் என்பது குறுகிய காலப் பேணலாகவே அமைந்தது. புகைப்பதத்தில் வந்த சுருட்டுக் கட்டு, காற்றுப் படாது பொதிந்து, மழை ஈரம் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது. அன்றாடத் தேவைக்குரியது மடியிலிருந்த ஓலைக் கொட்டப்பெட்டியிற் சென்றது.

3. வட்டாவும் மடையும்

தட்பவெப்பம் மட்டுமே முழுக் காரணமாகாது. பண்டம் ஒரு சமூகத்தில் எவ்வாறு கைமாறுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பில் விருந்தோம்பலின் முதற்படி வெற்றிலை வட்டாவாகும். வந்தவரை வரவேற்பதும், மங்கல நிகழ்வுக்கு அழைப்பதும் வட்டாவின் வழியே நிகழ்வன. காவல் தெய்வங்களுக்குரிய மடைகளிலும் வெற்றிலை, பாக்கு, பழம் முதலியவற்றோடு சுருட்டு இடம்பெறுவதுண்டு. வேளாண்மைக் காவலிருப்போருக்கும் இரவில் வாவியில் வலைவீசுவோருக்கும் சுருட்டு விழித்திருத்தலின் துணையாயிற்று. ஒருவர் கொள்ளியில் மற்றவர் பற்றவைப்பது அதன் வழக்கம்.

இவையனைத்திலும் பண்டத்தின் மதிப்பு அது கொடுக்கப்படுவதில் தங்கியிருக்கின்றது. சேகரிப்பாளனின் பெட்டியிலோ அதன் மதிப்பு கொடுக்கப்படாமல் இருப்பதிற் பெருகுகின்றது. முன்னையது பயன்பாட்டு மதிப்பும் உறவு மதிப்பும் கலந்தது. பின்னையது அருமையால் உயரும் பரிவர்த்தனை மதிப்பு. அருமையும் இயற்கையானதன்று. 1962 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா கியூபாவுடனான வணிகத்தைத் தடைசெய்தது. அத்தடைக்கு முன் ஏற்றுமதியான சுருட்டுகள் அதன்பின் தனியொரு சேகரிப்பு வகையாகி, அவற்றின் விலை உயர்ந்தது. தடையாணையில் ஒப்பமிடுமுன் ஜனாதிபதி கென்னடி தமக்கெனக் கியூபச் சுருட்டுகளை வாங்கிவரப் பணித்ததாகவும், 1200 சுருட்டுகள் கிடைத்ததாகவும் அவருடைய ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னர் எழுதியுள்ளார். அரசியல் உண்டாக்கிய பற்றாக்குறையே நாளடைவிற் 'பழைமையின் சுவை' எனப் போற்றப்பட்டது.

4. கொட்டிலும் வாசிப்பும்

சுருட்டின் தரத்தைத் தீர்மானிக்கும் இறுதிக் கரம் சுற்றுபவருடையது. உள்ளிலை இறுக அடைபட்டால் புகை இழுபடாது. தளர்ந்தால் சூடேறி விரைந்து எரியும். முதிர்வின் அருமை வெளிப்படுவதும் மறைவதும் இக்கைப்பழக்கத்தில் தங்கியுள்ளது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் இத்தொழில் சுற்றும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் தொழிலாளராற் செய்யப்பட்டது. கைகள் வேலைசெய்யச் செவிகள் ஓய்ந்திருக்கும் இத்தொழிலில், ஒருவர் செய்தித்தாளையோ கதைநூலையோ உரக்கப் படிக்க ஏனையோர் கேட்கும் வழக்கம் நிலைபெற்றது. எழுத்தறியாதோரும் நாட்டு நடப்பையும் இலக்கியத்தையும் விவாதிக்கும் மன்றமாகக் கொட்டில் விளங்கியது.

கடல்கள் பல கடந்த கியூபாவிலும் இதே வழக்கம் காணப்படுவது வியப்புக்குரியது. 1865இல் ஹவானாவின் 'எல் ஃபிகரோ' தொழிற்சாலையில் தொழிலாளர் தமக்கென வாசிப்பாளரை ஏற்படுத்தினர். மறு ஆண்டே குடியேற்ற அரசு அதனைத் தடைசெய்தது. 1931இல் புளோரிடாவின் தம்பா நகர முதலாளிகள் வாசிப்பாளரை அகற்றியபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்களில் ஒரே வழக்கம் எழுந்தமைக்கு, ஒத்த உற்பத்தி முறையே காரணமாதல் கூடும். 'மொன்ரி கிறிஸ்டோ', 'ரோமியோ ஜூலியட்டா' எனும் சுருட்டுப் பெயர்கள் இலக்கியத்திலிருந்து வந்தவை. முன்னையது தொழிலாளர் விரும்பிக் கேட்ட தூமாவின் நாவலை நினைவூட்டுவது என்பர். பெட்டியைத் திறந்து மணம் நுகர்பவர் கண்முன்னே அப்பெயர் இருக்கின்றது. அதன் பின்னிருந்த செவிகள் அவர் நினைவுக்கு வருவதில்லை.

5. சிதைவும் நமது கடமையும்

யாழ்ப்பாணச் சுருட்டு வணிகர் தென்னிலங்கையின் சிற்றூர்கள்வரை கடை வைத்திருந்தனர். 'சுருட்டுக்கடை' எனும் பெயர் சிங்கள மக்களின் நாவிலும் வழங்கியது. 1983 ஜூலை வன்செயல்களில் தெற்கிலிருந்த தமிழர் கடைகள் பல அழிக்கப்பட்டன. போர்க்காலத்தில் நெடுங்காலம் மூடிக்கிடந்த யாழ்ப்பாண–கண்டி வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. இத்தகைய முறிவுகளோடு பீடி, சிகரெட் ஆகியவற்றின் போட்டியும் சேர்ந்து கொட்டில்களை நலிவித்தன.

இந்நலிவைக் கண்டு புகைத்தலை மீட்கவேண்டும் என நாம் கூறவில்லை. சுருட்டின் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பது காப்பாகாது; காரத்தன்மையுள்ள அப்புகையின் நிக்கொட்டின் வாய்வழியே உட்புகுகின்றது; வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு அது காரணமாகின்றது. எவ்வளவு முதிர்ந்த இலையும் இதற்கு விலக்கன்று. ஈர இலையைக் கையாளும் தொழிலாளரின் தோல்வழியேயும் நிக்கொட்டின் உட்சென்று நோயூட்டும். இலங்கை 2003இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஏற்று, 2006இல் 27ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியமை சரியான திசையிலானதே.

ஆயினும் ஒரு பழக்கம் ஒழிவது வேறு. அதனைச் சூழ்ந்த அறிவும் வரலாறும் பதிவின்றி மறைவது வேறு. கோடாவின் செய்முறை, பாடம் போடும் பதம், கொட்டிலில் வாசிக்கப்பட்ட நூல்கள், வாவிக்கரையில் வட்டாவுக்கும் மடைக்கும் இருந்த ஒழுங்கு ஆகியன முதியோரின் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளன. பழைய சுருட்டுக்குக் குளிரூட்டிய பெட்டி செய்யும் உலகில், அச்சுருட்டைச் சுற்றியவரின் சொல்லுக்கு ஓர் ஏடேனும் ஒதுக்கப்படல் வேண்டும். குடாநாட்டிலும் வாவியின் இரு கரைகளிலும் அம்முதியோரிடம் சென்று வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ளக்கூடிய பணியாகும். அவர்கள் இருக்கும்போதே அது தொடங்கப்படல் வேண்டும்.