காரின் சிறு பாகங்களுக்கு வீட்டிலேயே பெயிண்ட்: எந்த ஸ்பிரே கருவி ஏற்றது?

திருப்பதி: திருமலை மலைப்பாதை வளைவில் உரசிய பம்பர் முனை, சித்தூரின் நெரிசலான தெருவில் கீறல் விழுந்த பக்கக் கண்ணாடி உறை. இத்தகைய சிறு சேதத்துக்காகக் காரைப் பட்டறையில் விட மனமின்றி, தாமே பெயிண்ட் அடிக்க முற்படுவோர் முதலில் விசாரிப்பது ஸ்பிரே கன்னின் விலையைத்தான். அதற்கு முன் கம்ப்ரசரின் திறனைப் பார்ப்பது நல்லது.

பட்டறைகளில் பயன்படும் பெரிய கன்னின் முனைத்துளை 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 10 கன அடி காற்று தேவை. வீடுகளில் இயங்கும் 1 குதிரைத்திறன் கம்ப்ரசர் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. எனவே பாதி வேலையில் அழுத்தம் குறைந்து, பெயிண்ட் புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும். கண்ணாடி உறை, கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்கு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் துளையுள்ள மினி கன் போதுமானது. ஏர்பிரஷ் இதைவிட நுண்ணியது. கீறலைத் திருத்த உதவும், பம்பர் முனையில் திட்டுத்திட்டாகிவிடும்.

ஒரே ஒரு உறைக்காகக் கம்ப்ரசர் வாங்குவது வீண் செலவு. வெள்ளை, கறுப்பு போன்ற சாதாரண நிறங்களுக்கு ஸ்பிரே டப்பாவே போதும். வெள்ளி போன்ற மெட்டாலிக் நிறங்களில், அடிக்கும் தூரமும் அழுத்தமும் மாறினாலே சாயல் மாறிவிடும். அங்கு டப்பாவை நம்ப முடியாது.

பருவநிலையும் கணக்கில் சேரும். கோடை வெயிலில் பெயிண்ட் பரப்பைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். மெதுவாக உலரும் தின்னர் தேவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரம் கம்ப்ரசரில் நீராகச் சேரும். கன்னுக்கு முன் நீர்வடிகட்டி பொருத்தாவிட்டால் பூச்சில் கொப்புளம் எழும்.

கருவியைவிடக் கவலைக்குரியது கிளியர் கோட். திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியில் 2016-ல் இசுசு நிறுவனம் கார் ஆலையைத் திறந்தது. பொதுவாகக் கார் ஆலைகளில் மேற்பூச்சு, சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டு இறுகுகிறது. வீட்டில் அது இயலாது என்பதால், ஹார்டனர் கலந்த 2கே கிளியரை நாடுகின்றனர். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும். ஆபத்தான அளவிலும் வாசனை எச்சரிக்காது. மூடுபனி கண்ணுக்கு மறைந்த பின்னும் காற்றில் தங்கியிருக்கும். துணி முகக்கவசத்தால் பயனில்லை. இப்பணிக்கு, தூய காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசத்தையே பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு வலியுறுத்துகிறது. 2கே டப்பாவிலும் இதே வேதிப்பொருள்தான் உள்ளது.

தொண்டையில் மருந்து தெளிக்கும் கருவியை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆலன் டிவில்பிஸ். அதே தத்துவத்தில் அவருடைய மகன் 1907-ல் ஸ்பிரே கன்னை வடிவமைத்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை.

ஆகவே வீட்டில் ஹார்டனர் இல்லாத 1கே கிளியரே பொருத்தம். அதையும் திறந்தவெளியில், கரிமவாயு வடிகட்டியுள்ள முகக்கவசத்துடன், அடுப்பும் தீப்பொறியும் இல்லாத இடத்தில் அடிக்க வேண்டும். பெட்ரோல் பட்டால் 1கே கரைந்துவிடும். எரிபொருள் மூடியை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.