வானிலை கூறும் தொழில்: தனியார் நிபுணர்களின் கல்வியும் அனுபவமும்

ஒரு பருவத்தின் மகசூல் நிலத்தின் வளத்தையும், விதையின் தரத்தையும், எருவையும், உழைப்பையும் பொறுத்திருப்பது போலவே ஆகாயத்தின் போக்கையும் பொறுத்திருக்கிறது. விதைத்த மறுநாள் பெய்யும் பெருமழையும், களத்தில் நிலக்கடலை காயும் சமயத்தில் வரும் தூறலும் பல மாத உழைப்பை ஒரே நாளில் வீணாக்கக் கூடியவை. ஆகையால் நாளைய வானிலையை இன்றே கூறுவோரின் சொல்லுக்குக் குடியானவர் செவி சாய்ப்பது இயல்பே. அச்சொல் இக்காலத்தில் சர்க்கார் இலாகாவிடமிருந்து மட்டும் வருவதன்று. அதைத் தயாரித்து விலைக்கு விற்கும் தனியார் கம்பெனிகளும் பல உள. விதை வாங்குகிறவர் அதன் முளைப்புத் திறனை விசாரிக்கிறார். எரு வாங்குகிறவர் அதிலுள்ள சத்தின் அளவைக் கேட்கிறார். வானிலையை விலைக்கு வாங்குகிறவரும் அதைக் கூறுகின்றவர் எங்கே கற்றார், யாரிடம் பழகினார், எதை ஆதாரமாகக் கொண்டு சொல்லுகிறார் என்று விசாரிப்பது அவசியமாகும்.

இத்தொழில் பெரிய அளவில் வளர்ந்த தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே இதில் ஈடுபட்டவர்கள் எந்தெந்த வழியாக வந்தார்கள் என்பதைக் கவனித்தால், நம் குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பயன்படும் சில உண்மைகள் விளங்கும்.

யுத்தம் தந்த பயிற்சி

தனியார் வானிலைத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் இர்விங் க்ரிக் என்பவர். 1906-ம் வருஷத்தில் பிறந்த இவர் முதலில் பௌதிக சாஸ்திரம் கற்றுப் பிறகு கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1934-ம் வருஷத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அக்கழகத்திலேயே வானிலைப் பகுதிக்குத் தலைமை வகித்ததோடு, விமானக் கம்பெனிகளுக்கும் சினிமா படம் எடுப்போருக்கும் ஆலோசனை கூறி வந்தார்.

இரண்டாவது உலக யுத்தத்தில் விமானப் படைக்கு வானிலை அறிந்தவர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். ஐந்து பெரிய கல்வி ஸ்தாபனங்களில் பல ஆயிரம் வாலிபர்களுக்குச் சுமார் 9 மாத காலம் தீவிரப் பயிற்சி அளிக்கப்பட்டது. கணிதமும் பௌதிகமும் கற்றிருந்தவர்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யுத்தம் முடிந்ததும் இவர்களில் பலர் வேறு தொழிலுக்குத் திரும்பினர். சிலர் சர்க்கார் உத்தியோகத்திலும், சிலர் சர்வகலாசாலைகளிலும் அமர்ந்தனர். எஞ்சியவர்களில் சிலர் கற்ற வித்தையைக் கொண்டே தனித்தொழில் தொடங்கினர். ஆக, தனியார் கம்பெனிகளின் முதல் தலைமுறை நிபுணர்களில் பலரை உருவாக்கியது பொதுப்பணமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

யுத்த காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. 1944-ம் வருஷம் ஜூன் மாதம் நேச நாட்டுச் சேனைகள் பிரான்ஸ் தேசத்துக் கரையில் இறங்குவதற்கு 5-ந் தேதி குறிக்கப்பட்டிருந்தது. க்ரிக் இடம்பெற்ற அமெரிக்கக் குழுவினர் அன்றைய தினம் அனுகூலமாயிருக்கும் என்றனர். பிரிட்டிஷ் குழுக்கள் அதை ஒப்பவில்லை. மாறுபட்ட அபிப்பிராயங்களைக் கேட்டு ஒரு முடிவைச் சேனாதிபதியிடம் கூறும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்டாக் என்பவருடையது. காரியம் ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்டு 6-ந் தேதி நிறைவேறியது. 5-ந் தேதி கால்வாயில் காற்றும் அலையும் கடுமையாகவே இருந்தன. ஆழ்ந்து கற்றவர்களும் வானிலையில் மாறுபடுவர் என்பதும், ஒருவர் சொல்லை மற்றொருவர் சோதிக்க இடமிருப்பதே நன்மை என்பதும் இதனால் விளங்கும்.

யுத்தத்திற்குப் பின் க்ரிக் தனித்தொழிலில் முழுதும் இறங்கி, பல வாரங்களுக்கும் மாதங்களுக்கும் அப்பாலுள்ள நாட்களின் வானிலையைக் கூட நாள்வாரியாகக் கூறலானார். சக நிபுணர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. யுத்தத்தில் வானிலை அதிகாரியாகப் பயின்று பின்னர்ப் பேராசிரியரான எட்வர்ட் லோரென்ஸ் என்பவர் 1960-களில் இவ்விஷயத்தை ஆராய்ந்தார். ஆரம்ப அளவுகளில் உள்ள மிகச் சிறிய பிழையும் நாளடைவில் பெருகி, சுமார் இரண்டு வாரத்திற்கு மேல் நாள்வாரியான கணிப்பைப் பயனற்றதாக்கிவிடும் என்று அவர் காட்டினார். ஒரு பருவம் முழுவதிலும் மழை சராசரிக்குக் கூடுமா குறையுமா என்று உத்தேசமாகக் கூறுவது வேறு. இரண்டு மாதத்திற்கு அப்பால் இன்ன தேதியில் மழை என்று கூறுவது வேறு. முன்னதற்குச் சாஸ்திர ஆதாரம் உண்டு, பின்னதற்கு இல்லை.

மாணவர் தொடங்கிய கம்பெனி

பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் ஸ்டேட் காலேஜ் என்னும் ஊரில் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே வானிலை சாஸ்திரத்தில் மேற்படிப்புப் படித்துக் கொண்டிருந்த ஜோயல் மையர்ஸ் என்னும் வாலிபர் 1962-ம் வருஷத்தில் ஓர் எரிவாயுக் கம்பெனிக்குக் குளிர்கால வானிலையைக் கணித்துக் கூற ஒப்புக்கொண்டார். குளிர் மிகுந்தால் வீடுகளில் எரிவாயுச் செலவு மிகும், குறைந்தால் குறையும். ஆகவே, நாளை எவ்வளவு குளிர் என்பது அக்கம்பெனிக்கு நாளை எவ்வளவு சரக்கு வேண்டும் என்பதற்குச் சமம். இப்படி ஒரே வாடிக்கைக்காரருடன் தொடங்கிய தொழில் பின்னர் ‘அக்யுவெதர்’ என்ற பெயருடன் உலகம் அறிந்த கம்பெனியாயிற்று. மையர்ஸ் தாம் படித்த சர்வகலாசாலையிலேயே பல ஆண்டுகள் வானிலைக் கணிப்பைக் கற்பித்தும் வந்தார்.

அக்கம்பெனியில் 1967-ம் வருஷத்தில் சேர்ந்த எலியட் ஏப்ரம்ஸ் என்பவரும் அதே சர்வகலாசாலையில் படித்தவர். ரேடியோவில் வானிலை கூறுவதில் பெயர் பெற்ற இவர் 2019-ம் வருஷம் வரை, அதாவது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், ஒரே ஸ்தாபனத்தில் பணி புரிந்தார். ஒரு பிரதேசத்தின் மலைகளும் பள்ளத்தாக்குகளும் காற்றை எவ்விதம் திருப்புகின்றன என்பதை ஒருவர் அரை நூற்றாண்டுக் காலம் கவனித்து வந்தால், அவ்வனுபவம் எவ்விதப் புத்தகத்திலும் கிடைக்காத மூலதனமாகிறது.

ஆயினும், வானிலையைச் சொல்பவர் எல்லோரும் அதைக் கணிப்பவர் அல்லர். டெலிவிஷனில் வானிலைக்கென்றே தனி ஒளிபரப்பு 1982-ம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிற்று. அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜான் கோல்மன் பட்டம் பெற்றது பத்திரிகைத் தொழிற் படிப்பில். தெளிவாக எடுத்துரைப்பதும் ஒரு வித்தையே. அதன் பின்னே கணக்கைப் போட்டவர் யார் என்பது தனிக் கேள்வி. இக்காரணம் பற்றியே அமெரிக்க வானிலைச் சங்கம் 1957-ம் வருஷம் முதல் ஆலோசனைத் தொழில் செய்வோருக்கு ஓர் அத்தாட்சி வழங்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதைப் பெறுவதற்குத் தக்க படிப்பும், சில ஆண்டு அனுபவமும், பரீட்சையில் தேர்ச்சியும், நன்னடத்தைக்கு மற்றவர் சாட்சியமும் வேண்டும்.

பண்ணையில் வளர்ந்தவர்

தாமஸ் மலோன் என்பவர் தெற்கு டக்கோட்டா ராஜ்யத்தில் பண்ணை வாழ்க்கையில் வளர்ந்தவர். மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உயர்ந்த பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1955-ம் வருஷத்தில் அப்பதவியை விட்டு, டிராவலர்ஸ் என்னும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் வானிலை ஆராய்ச்சிக்குத் தலைமை வகிக்கச் சென்றார். நஷ்ட ஈடு கொடுக்கும் கம்பெனிக்குப் புயலும் ஆலங்கட்டியும் எங்கே, எவ்வளவு என்பது பணக் கணக்கு அன்றோ! அங்கே பணி புரிந்த ராபர்ட் ஒயிட் என்பவர் 1963-ம் வருஷத்தில் அமெரிக்க சர்க்காரின் வானிலை இலாகாவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். சர்க்காரிலிருந்து தனியாருக்குச் செல்வது மட்டுமன்றி, தனியாரிடமிருந்து சர்க்காருக்கு வருவதும் அங்கே வழக்கம்.

“நாளை மழை” என்று முடிவாகக் கூறாமல், “மழைக்கு நூற்றுக்கு இத்தனை பங்கு வாய்ப்பு” என்று கூறும் முறை அக்காலத்தில் பரவலாயிற்று. அமெரிக்க சர்க்கார் இலாகா 1960-களின் நடுவில் இதை நாடு முழுவதும் கைக்கொண்டது. குடியானவருக்கு இதனால் என்ன லாபம் என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம். களத்திலுள்ள தானியத்தை மூடிக் காக்க 1,000 ரூபாய் செலவாகும் என்றும், மூடாமல் நனைந்தால் 10,000 ரூபாய் நஷ்டம் என்றும் வைத்துக் கொள்வோம். மழைக்கு வாய்ப்பு நூற்றுக்கு 10 பங்குக்கு மேலிருந்தால் மூடுவதே சிக்கனம். நூற்றுக்கு 30 என்று கேட்டவுடன் “பெய்யாது” என்று எண்ணி விட்டுவிடுகிறவர் பல பருவங்களில் நஷ்டமே அடைவார். மூடிய நாளில் மழை பெய்யாமற் போனால் முன்னறிவிப்புப் பொய் என்று கொள்வதும் தவறு.

பழத்தோட்டக்காரர் கற்ற பாடம்

கலிபோர்னியாவில் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு உறைபனி பெரும் பகை. இரவில் உஷ்ணம் உறைநிலைக்குக் கீழ் 2 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இறங்கிச் சில மணி நேரம் நின்றால் பழம் கெட்டுப்போகும். அமெரிக்க வானிலை இலாகா 1917-ம் வருஷத்தில் ஃபிளாய்ட் யங் என்னும் உத்தியோகஸ்தரைப் பொமோனா நகருக்கு அனுப்பியது. அவர் தோட்டங்களில் உஷ்ணமானிகளை வைத்து, எந்தப் பள்ளத்தில் குளிர்ந்த காற்றுத் தேங்குகிறது என்று கண்டறிந்து, இரவுதோறும் எச்சரிக்கை கூறினார். பிற்காலத்தில் ரேடியோ மூலம் வந்த அவருடைய சொல்லைக் கேட்டே தோட்டக்காரர்கள் கணப்புகளை ஏற்றினர்.

விவசாயத்திற்கென்று அமைந்த இச்சேவையைச் சர்க்கார் 1996-ம் வருஷத்தில் செலவுச் சுருக்கத்தின் பொருட்டு நிறுத்திவிட்டது. பெரிய தோட்டக்காரர்கள் தனியார் நிபுணர்களை அமர்த்திக் கொள்ள வசதி பெற்றிருந்தனர். சிறு தோட்டக்காரருக்கோ அது புதிய செலவு. எனினும் ஒரு விஷயம் மாறவில்லை: அத்தனியார் நிபுணர்களும் சர்க்காரின் அளவு நிலையங்கள், விண்ணில் சுற்றும் துணைக்கோள்கள், மேகங்களைக் காட்டும் ராடார்கள், கணிப்பு இயந்திரங்கள் ஆகியவற்றின் விவரங்களையே அடிப்படையாகக் கொண்டனர். பொது அளவு நின்றால் தனியார் சொல்லும் நிற்கும்.

நம் தேசத்தில்

இந்திய வானிலை இலாகா 1875-ம் வருஷத்தில் ஏற்பட்டது. தனியார் துறையில் ஸ்கைமெட் என்னும் கம்பெனி 2003-ம் வருஷத்தில் தொடங்கப்பட்டது. அதைத் தோற்றுவித்த ஜதின் சிங் பத்திரிகை, டெலிவிஷன் துறையிலிருந்து வந்தவர். அதன் வானிலைப் பகுதிக்குத் தலைமை வகித்த ஜி. பி. சர்மா இந்திய விமானப் படையில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்றவர். எடுத்துரைக்கும் திறமையும் படையில் பெற்ற பயிற்சியும் இங்கேயும் ஒன்று சேர்ந்ததைக் காணலாம். இக்கம்பெனி தானே இயங்கும் அளவு நிலையங்களையும் நிறுவியிருக்கிறது. அவ்வித நிலையங்களின் அளவுகள் பயிர் இன்ஷ்யூரன்ஸ் விஷயத்தில் பயன்படுகின்றன.

கவனிக்க வேண்டியவை

வானிலைச் சொல்லை விலைக்கு வாங்கும் குடியானவர்கள் நான்கு விஷயங்களைக் கேட்டறிதல் நலம். முதலாவது, கணிப்பவர் வானிலை சாஸ்திரத்தை முறையாகக் கற்றவரா? இரண்டாவது, தம் ஜில்லாவின் காற்று, மழைப் போக்கை அவர் எத்தனை பருவங்கள் கவனித்திருக்கிறார்? மூன்றாவது, முன்பு கூறியவை எத்தனை பலித்தன, எத்தனை தவறின என்ற கணக்கைக் காட்டத் தயாராயிருக்கிறாரா? நான்காவது, இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட நாட்களுக்கும் தேதி குறித்துச் சொல்லுகிறாரா? முதல் மூன்றுக்கும் ‘ஆம்’ என்றும் நான்காவதற்கு ‘இல்லை’ என்றும் விடை வருமாயின் அவர் சொல் கேட்கத் தக்கது. குடியானவரும் ஒரு குறிப்புப் புஸ்தகத்தில் ஒருபுறம் கூறப்பட்டதையும் மறுபுறம் நடந்ததையும் எழுதி வந்தால், இரண்டு பருவங்களில் உண்மை தானே வெளிப்படும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மழைமானியின் அளவைத் தினந்தோறும் காலை 8-30 மணிக்குத் தவறாமல் எடுத்தல் வேண்டும். இரண்டு நாள் மழையைச் சேர்த்து ஒரு நாளில் எழுதலாகாது. மழையில்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டால், மழை இல்லையா, அளவு எடுக்கப்படவில்லையா என்று பின்னால் அறிய வழியில்லை. அருகிலுள்ள மரமோ கட்டடமோ தன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்திற்கு அப்பால் இருக்க வேண்டும். சர்வகலாசாலையில் கற்ற நிபுணரும், படையில் பழகிய நிபுணரும், கம்பெனியில் சம்பளம் பெறும் நிபுணரும் நம்பி நிற்பது இவ்விதச் சிறு அளவுகளையே. அவற்றில் பிழை நேர்ந்தால், அதன் பலன் வறட்சி நிவாரணத்திலும், இன்ஷ்யூரன்ஸ் தொகையிலும் அந்தக் கிராமத்தின் குடியானவர் தலையிலேயே விடியும்.