கொட்டாவி விட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்!
காது வலி, பல் வலி என்று ஏமாற வேண்டாம்: தாடை மூட்டையும் கவனியுங்கள்

பெரிய காஞ்சிபுரம்—

காது வலிக்கிறது என்று காதில் எண்ணெய் விடுகிறார்கள். பல் வலி என்று நினைத்துச் சிலர் நல்ல பல்லையே பிடுங்கிக்கொள்கிறார்கள். வலி மட்டும் போன பாடில்லை! கோளாறு இரண்டுக்கும் நடுவே, தாடை மூட்டில் இருக்கலாம்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே உருளுகிறதே, அதுதான் அந்த மூட்டு. கதவுக் கீல் மாதிரி திரும்பும், முன்னாலும் நழுவும். நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு. அது இடம் பிசகினால் "டக், டக்" என்று சத்தம் வரும். வலி இல்லாமல் வெறும் சத்தம் என்றால் பயம் வேண்டாம்.

யாருக்கு வரும்?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், கவலையில் பல்லை இறுக்குபவர்கள், ஓயாமல் எதையாவது மெல்பவர்களுக்கு வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பிள்ளையார்பாளையம் தறிக்காரர்கள் நூலைப் பல்லால் கடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

என்ன வைத்தியம்?

பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியதில்லை. சில வாரம் இட்லி, குழைந்த சோறு. முறுக்கு, சீடை, கரும்பு கூடாது. காதோரம் வெந்நீர் ஒத்தடம். உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் ஒட்டக் கூடாது. இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல் டாக்டர் உறை செய்து கொடுப்பார்.

கொட்டாவி விட்டு, திறந்த வாய் மூடவில்லையா? அறைவது, இழுப்பது எல்லாம் ஆபத்து. உடனே ரயில்வே ரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் இரு கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பல்மீது வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவார். மூட்டு உள்ளே போய்விடும். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரேட்டஸ் காலத்திலேயே தெரிந்த முறை இது. நேரம் போகப் போகத் தசை இறுகிவிடும். தீராத கோளாறுக்கு, 1953-ல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பாக்கு போடுவோர் கவனிக்க!

வாய்க்குள் மூன்று விரல் நெட்டுக்குத்தாக நுழைய வேண்டும். நுழையவில்லையா? காரம் பட்டால் எரிகிறதா? கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து இறுகிவிட்டதா? அது மூட்டுக் கோளாறு அல்ல. பாக்கு செய்த வேலையாக இருக்கலாம். நாளடைவில் புற்றுநோயாகவும் மாறலாம். பாக்கை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும். காரப்பேட்டையிலேயே அண்ணா பெயரில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆணி குத்திய சில நாளில் தாடை இறுகினால் அது ரண ஜன்னி. தாடை வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் மாரடைப்பு. இந்த இரண்டுக்கும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் உயிர் போய்விடும்!