1-5 தோல்விக்குப் பின் கிண்ணம்: பரம எதிரியை வெல்ல ஓர் அணிக்கு எது தேவை?

2010 டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ அரங்கில், ஆசியான் சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியில் தனது முதல் ஆட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 எனப் படுதோல்வி கண்டது. அதே மாதம் 29ஆம் தேதி, அதே அரங்கில், அதே இரசிகர்கள் முன்னிலையில் மலேசியா கிண்ணத்தை ஏந்தியது. அந்தப் போட்டியில் நாட்டுக்குக் கிடைத்த முதல் கிண்ணம் அதுதான்.

நான்கே வாரங்களில் ஆட்டக்காரர்களின் திறமை தலைகீழாக மாறிவிடாது. பயிற்றுநர் கே. ராஜகோபாலின் அணியில் மாறியது ஆட்ட முறையும் மன உறுதியும்தான்.

முதலில் கதவை அடைக்க வேண்டும்

அந்த 1-5 ஆட்டத்தில் முதல் கோலை அடித்ததே மலேசியாதான். முன்னிலை பெற்ற பிறகும் தற்காப்பு குலைந்தது. பரம எதிரியுடன் மோதும்போது பல அணிகள் செய்யும் தவறு இது. இரசிகர்களின் ஆரவாரத்தில் எல்லாரும் முன்னே ஓடிவிட, பின்னால் இடம் காலியாகிவிடும்.

அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்துடன் 0-0 எனச் சமநிலை. பிறகு லாவோஸுக்கு எதிராக 5-1 என வெற்றி. அரையிறுதியில் வியட்நாமுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் மலேசியா ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கோல் விடாத அணிக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தாலே போதும்.

ஆட்டம் நின்றாலும் கவனம் சிதறக்கூடாது

டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். இரசிகர் பகுதியிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்டதால், இரண்டாம் பாதியில் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறினர். ஆட்டம் சில நிமிடங்கள் தடைபட்டது. இரசிகர்களின் அந்தச் செயல் நியாயமற்றது. எனினும், ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது மலேசிய ஆட்டக்காரர்களின் கவனம் பந்தில்தான் இருந்தது.

நோர்ஷாருல் இட்லான் விடாமல் துரத்தித் தற்காப்பு ஆட்டக்காரரிடமிருந்து பந்தைப் பறித்துக் கொடுக்க, சாஃபி சாலி கோலாக்கினார். அஷாரி சம்சுடின் இரண்டாவது கோலையும், சாஃபி மீண்டும் மூன்றாவது கோலையும் அடித்தனர். கால் மணி நேரத்துக்குள் 3-0. எதிரணி தடுமாறும் சில நிமிடங்களை அடையாளம் கண்டு, அப்போதே அழுத்தம் கொடுப்பதுதான் வியூகம்.

தோற்றும் வென்ற இரவு

ஜகார்த்தாவில் இரண்டாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி கிடைத்தது. அது கோலாகியிருந்தால் அரங்கமே எழுந்து நின்றிருக்கும். கோல் காவலர் கைருல் ஃபாமி அதைத் தடுத்தார். இரண்டாம் பாதியில் சாஃபி அடித்த கோல், எதிரணியின் சுமையை மேலும் கூட்டியது. பிறகு இரண்டு கோல்கள் விழுந்து ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என மலேசியா வென்றது. அன்று தேவைப்பட்டது பெருமைக்கான வெற்றியன்று. கையிலிருந்த முன்னிலையைக் காக்கும் பொறுமை.

அந்தப் பொறுமை ஒரே மாதத்தில் வந்ததும் அல்ல. ராஜகோபாலின் பயிற்சியில் 2009இல் லாவோஸில் சீ விளையாட்டுத் தங்கம் வென்ற இளையர்கள் பலர் இந்த அணியிலும் இருந்தனர். எஸ். குணாளன், கே. குருசாமி ஆகியோரும் 2010 அணியில் இடம்பெற்றிருந்தனர். ஒருவரையொருவர் அறிந்த அணி, அடி வாங்கியபோது ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு உடைந்துபோகவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அணியுடன் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மோதும் இளைஞர்களுக்கும் இதே சோதனைதான். முதல் கோல் விழுந்ததும் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்களா, பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுகிறார்களா என்று பாருங்கள். மீதி ஆட்டம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.