காரம் நம் இரத்தத்தில் ஓடுகிறதா?

"காரம் திங்கத் தெரியாதவன்லாம் ஒரு தமிழனா?"

கடந்த ஆண்டு தீபாவளியன்று, குளுவாங்கில் உள்ள எங்கள் பாட்டி வீட்டில், ஏழு வயதான என் சித்தி மகனைப் பார்த்து மாமா கேட்ட கேள்வி இது. பையன் கோழித்துண்டை ஒவ்வொன்றாகத் தண்ணீர்க் குவளையில் கழுவிக் கழுவித் தின்றுகொண்டிருந்தான். கூடியிருந்த அனைவரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால், பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பிய பின்னும் அது என்னை விடவில்லை. மிளகாய்க்கும் தமிழனுக்கும் அப்படி என்னதான் உறவு? அது நம்மோடு பிறந்ததா, அல்லது இடையில் வந்து ஒட்டிக்கொண்டதா? தேடிப் படித்ததையும் பாட்டியிடம் கேட்டறிந்ததையும் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பெயரே சொல்லும் வரலாறு

மிளகாய் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மிளகு + காய். மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் நம் முன்னோர் அதற்கு இப்பெயரைச் சூட்டினர். அதாவது, மிளகு அவர்களுக்கு முன்பே தெரிந்த பொருள். மிளகாய் பின்னால் வந்த விருந்தாளி.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ போன்ற பகுதிகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் அதைப் பயிரிட்டு வந்தனர். 1492-இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பிறகே வெளியுலகம் மிளகாயை அறிந்தது. 1498-இல் கோழிக்கோட்டிற்கு வந்து, 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் கைப்பற்றிய போர்த்துகீசியர்களின் கப்பல் வணிகம் வழியாகவே அது ஆசியாவில் பரவியது. ஆக, சங்க காலத் தமிழன் ஒரு மிளகாயைக் கூடக் கடித்ததில்லை! அவனுடைய காரமெல்லாம் மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு ஆகியவற்றில்தான் இருந்தது.

இதற்குப் பழமொழிகளே சாட்சி. தமிழ்ப்பள்ளியில் நாம் 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்று மனனம் செய்தோம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் மலாய் ஆசிரியர் 'கெச்சில்-கெச்சில் சிலி பாடி' என்று கற்றுக்கொடுத்தார். இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. உருவத்தைப் பார்த்து எடைபோடாதே என்பதுதான். ஆனால், மலாய்ப் பழமொழியில் மிளகாய் இருக்கிறது. நம் பழமொழியில் கடுகு இருக்கிறது. மலாய் மொழியிலும் 'லாடா' என்ற சொல் மிளகையும் குறிக்கிறது, மிளகாயையும் குறிக்கிறது. மிளகின் பெயரைத்தான் மிளகாய் அங்கும் பெற்றிருக்கிறது.

நாம் வாழும் ஜொகூரின் கதையும் இதைப் போன்றதே. ரப்பர் வருவதற்கு முன், 19-ஆம் நூற்றாண்டில், சீனக் குடியேறிகள் இம்மாநிலத்தின் ஆற்றங்கரைகளில் காடழித்துப் பயிரிட்டவை கம்பீரும் மிளகும்தான். இன்றோ, சந்தைக்குச் சென்றால் 'சிலி கூலாய்' என்று நம் கூலாய் நகரின் பெயரையே தாங்கிய சிவப்பு மிளகாய் வகையைக் காண்கிறோம்.

விருந்தாளி வீட்டுக்காரனாக மாறியது எப்படி? காரணம் எளிது. மிளகுக்கொடிக்கு ஏற்ற மண்ணும் மழையும் நிழலும் வேண்டும். பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். மிளகாய்ச் செடியோ கொல்லைப்புறத்தில் விதையைத் தூவினாலும் முளைத்து, சில மாதங்களில் காய்த்துவிடும். பணக்காரன் வீட்டுக் காரம் ஏழையின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு, மிளகாய் இல்லாத சடங்கு கூட நமக்கில்லை என்றாகிவிட்டது. குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க உப்பும் காய்ந்த மிளகாயும்தானே சுற்றிப் போடுகிறோம்! ஆயினும், பழைய பழக்கம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியச் சமையலில் மிளகாயைத் தவிர்த்து மிளகை அரைத்து ஊற்றுகிறார்கள். சில குடும்பங்களில் திவசச் சமையலிலும் மிளகுதான்.

நாக்கில் நடப்பது என்ன?

காரம் என்பது இனிப்பு, புளிப்பைப் போன்ற ஒரு சுவையன்று. அது ஒருவகை வலி! மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் வேதிப்பொருளே இதற்குக் காரணம். பலர் நினைப்பதைப் போல இப்பொருள் விதையில் உற்பத்தியாவதில்லை. விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சதையில்தான் உருவாகிறது.

நம் நரம்புகளில் வெப்பத்தை உணர்வதற்கென்று ஓர் ஏற்பி உள்ளது. அதன் பெயர் டி.ஆர்.பி.வி.1. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது மூளைக்கு 'சுடுகிறது' என்று செய்தி அனுப்பும். கேப்சைசின் இதே ஏற்பியைத் தட்டி எழுப்பிவிடுகிறது. சூடே இல்லாமல் வாய் வேகிறது என்று மூளை நம்புகிறது. வியர்வை கொட்டுகிறது, கண்ணும் மூக்கும் ஒழுகுகின்றன. 1997-இல் இந்த ஏற்பியைக் கண்டறிந்த குழுவின் தலைவரான அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு, மற்றோர் அறிஞரோடு பகிர்ந்து வழங்கப்பட்டது.

கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. எனவே, காரம் ஏறியதும் தண்ணீர் குடிப்பதால் பெரிய பயனில்லை. பாலும் தயிரும் நல்ல பலன் தரும். பாலிலுள்ள புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துச் சென்றுவிடும். வாழையிலைச் சாப்பாட்டின் இறுதியில் மோர் ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தின் அருமை இப்போது புரிகிறதா?

கிளி மட்டும் எப்படி மிளகாயைக் கொறித்துத் தின்கிறது? பறவைகளின் ஏற்பியைக் கேப்சைசின் தூண்டுவதில்லை. விதைகளை மென்று அழித்துவிடும் பாலூட்டிகளை விரட்டி, விதைகளைச் சிதைக்காமல் தூர இடங்களில் விதைக்கும் பறவைகளை அழைப்பதற்கே மிளகாய்ச் செடி இவ்வாறு அமைந்துள்ளது என்கின்றனர் அறிஞர்கள். அப்படியானால், மனிதனும் விரட்டப்பட வேண்டியவன்தான். விரட்ட விரட்டத் தேடிப் போகிறோமே, ஏன்?

பழகிய நாக்கு

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் இக்கேள்வியோடு மெக்சிகோவின் ஒரு கிராமத்திற்குச் சென்று ஆராய்ந்தார். அங்கும் எந்தக் குழந்தையும் மிளகாயை விரும்பிப் பிறப்பதில்லை. யாரும் கட்டாயப்படுத்தி ஊட்டுவதுமில்லை. பெரியவர்களும் அண்ணன் அக்காமார்களும் ருசித்து உண்பதைப் பார்த்துப் பார்த்து, சிறுகச் சிறுகத் தாங்களே சேர்த்துக்கொண்டு பழகுகிறார்கள். வலிக்கிறது, ஆனால் ஆபத்தில்லை என்று மனம் உணர்ந்ததும் அந்த வலியே இன்பமாகிவிடுகிறது. பேய்ப் படத்தைப் பயந்துகொண்டே ரசிப்பதைப் போன்றதுதான் இது.

இதைப் படித்தபோது பாட்டியின் நினைவு வந்தது. விடுமுறையில் சென்று, "பாட்டி, நீங்க எப்படிக் காரம் பழகினீங்க?" என்று கேட்டேன். பாட்டி, ரெங்கம் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

"பழகறதா? அப்ப கறி ஏது, மீனு ஏது? விடியக்காலையில பெரட்டுக்கு ஓடணும். தூக்குச் சட்டியில பழைய சோறு, ஒரு துண்டு கருவாடு, ரெண்டு பச்ச மொளகா. மொளகாயக் கடிச்சாத்தான் சோறு எறங்கும். புள்ளைங்களுக்கும் அதான்," என்றார்.

நாங்கள் பெருமையாகப் பேசிச் சிரித்த காரத்தின் மறுபக்கம் இதுதான். தொட்டுக்கொள்ள வேறு எதுவும் இல்லாத தட்டில், அந்த இரண்டு மிளகாயே குழம்பாகவும் கறியாகவும் இருந்திருக்கிறது. மாமாவும் அந்தத் தட்டில் உண்டு வளர்ந்தவர்தான். சித்தி மகன் அப்படி வளரவில்லை. அது அவன் குற்றமா?

பாட்டிக்கு இப்போது வயிற்றுப்புண். "எல்லாம் மிளகாயால் வந்தது" என்று வீட்டில் ஏசுகிறோம். உண்மையில், வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும் சிலவகை வலி மாத்திரைகளும்தான். அக்கிருமியின் பங்கைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. காரம் புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால், இருக்கும் புண்ணின் எரிச்சலைக் கூட்டக்கூடும். எனவே, பாட்டி காரத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இதைச் சொன்னதும் அவர், "வாய்க்கு ருசின்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்யா," என்றார். அதற்குமேல் என்னால் எதுவும் பேச முடியவில்லை. வாளியில் அவர் வளர்க்கும் சிலி பாடிச் செடிக்கு நானே தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

வாசக நண்பர்களே! காரம் நம் இரத்தத்தில் ஓடவில்லை. கடல் கடந்து வந்த ஒரு செடியை, வறுமையிலும் உழைப்பிலும் நம் முன்னோர் தம் நாக்கிற்குப் பழக்கி, நம் தட்டில் வைத்துச் சென்றிருக்கிறார்கள். வந்த மிளகாயை வந்தேறி என்று இன்று யாரும் சொல்வதில்லை. அது இந்த மண்ணுக்கும் நமக்கும் சொந்தமாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றை வைத்து ஒரு சிறுவன் தமிழனா இல்லையா என்று அளப்பது முறையாகுமா?

அடுத்த தீபாவளிக்குச் சித்தி மகனின் அருகில்தான் அமர்வேன். அவன் கறியைக் கழுவித் தின்னட்டும். விருப்பம் வந்தால் என் தட்டிலிருந்து ஒரு துளி தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிரும் இருக்கும்.