இணையப் பக்கத்திற்கும் இலக்கணம் உண்டு



நம் ஊரின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியவை சின்னமனூர்ச் செப்பேடுகள். பத்தாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் மூன்றாம் இராசசிம்மன் வெளியிட்ட பெரிய செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. எழுதியவரும் படிப்பவரும் ஒரே எழுத்துமுறையை அறிந்திருந்தால்தான் அது செய்தி. இல்லையேல் வெறும் கீறல்! இணையப் பக்கத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

திரையில் நாம் காண்பது பக்கத்தின் முகம் மட்டுமே. அதன் பின்னால் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி உள்ளது. ‘இங்கே தலைப்பு தொடங்குகிறது, இங்கே முடிகிறது, இது படம்’ என்று குறிகள் கணிப்பொறிக்குச் சொல்கின்றன. இதற்கெல்லாம் பொது விதிகளை வகுக்கவே, வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ 1994-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பைத் தொடங்கினார்.

விதிப்படி எழுதியுள்ளோமா என்று பார்ப்பது எப்படி? அதற்கென்றே சரிபார்க்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். மூடாமல் விட்ட குறி, வரிசை மாறி மூடிய குறி, விளக்கச் சொல் இல்லாத படம் ஆகியவற்றை வரி எண்ணுடன் காட்டிவிடும். நம் கட்டுரை நோட்டில் ஆசிரியை சிவப்பு மையால் சுழிப்பது போலத்தான்!

“பக்கம் திரையில் நன்றாகத்தானே தெரிகிறது?” என்று கேட்கலாம். உலாவி பொறுமைசாலி, பல பிழைகளைத் தானே சமாளித்துக் காட்டிவிடும். ஆனால் பார்வையற்ற சகோதரி ஒருத்தி, திரையை வாய்விட்டுப் படிக்கும் நிரலைக் கொண்டே உதவித்தொகை அறிவிப்பை அறிய வேண்டும். அறிவிப்பு முழுவதும் படமாக இருந்து, விளக்கச் சொல்லும் இல்லாவிட்டால் அவளுக்கு அது வெற்றுத்தாள்.

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. 1990-களில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தம் எழுத்துருவைக் கையாண்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாயிற்று. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு பொதுவான விசைப்பலகையையும் எழுத்துக் குறியேற்றங்களையும் ஏற்றது. 2010-இல் யுனிகோடு எனும் ஒருங்குறி முறை அரசின் தரமாயிற்று. இதில் உலகெங்கும் ‘அ’வுக்கு ஒரே எண்தான்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். சரிபார்க்கும் நிரல் குறிகளின் இலக்கணத்தை மட்டுமே பார்க்கும். பழைய எழுத்துருவில் எழுதிய தமிழைக்கூட, குறிகள் சரியாக இருந்தால், குற்றமில்லை என்று விட்டுவிடக்கூடும். எழுதியது மெய்யா பொய்யா என்பதும் அதற்குத் தெரியாது. அதை நாமேதான் சரிபார்க்க வேண்டும்.

நாளை நம்மில் பலர் இணையப் பக்கங்கள் அமைக்கப்போகிறோம். நம் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று நின்றுவிடாமல், கண் இல்லாதவருக்கும் எட்டும்படி எழுதுவோமாக!